பால்சுறாவும் என் வாயும்

போன கிழமை எங்கள் கடற்றொழில் சங்கத்துப் பொடியன்கள் மூன்று பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். மூவரும் இயந்திரப் படகுக்காரர்கள். சங்கத்து மலருக்குக் கட்டுரை வேண்டுமாம்.

"மரியான் அண்ணை, மண்டைதீவுக் களங்கண்ணியிலை இவ்வளவு காலம் நிண்டனீங்கள். உங்கடை வேலை என்னண்ணை?"

"கத்தினனான்."

"பகிடியை விடுங்கோ அண்ணை."

"பகிடியில்லையடா. ஒருத்தன் தண்டு பிடிச்சான், ஒருத்தன் வலை பொத்தினான். நான் கத்தினனான். அதுக்கு எனக்கு முழுப் பங்கு."

அவர்கள் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான். என்னுடைய முழங்கால்கள் இரண்டும் என்னைவிட மூத்தவை. அவைதான் ஓய்வு கேட்டன. நானும் கூடவே வந்துவிட்டேன்.

1956ஆம் ஆண்டு நான் தொழிலில் சேர்ந்த விதம் பெருமைப்படக்கூடியது அல்ல. கரைக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு நண்டு என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் தூரத்தில் நின்ற மீன் கூட்டம் ஒன்று கலைந்து, வெள்ளியாய்ப் பாய்ந்தது. அங்கே நின்ற எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள். களங்கண்ணி முதலாளி இன்னாசிச் சம்மாட்டியார் மட்டும் மீன் பாய்ந்த திசையைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, நீர் இதைத் தினமும் செய்வீரோ?"

தொழில் பழகிய கதை அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் பயம்.

களங்கண்ணி என்பது கடலுக்குள் கட்டிய வேலி. மண்டைதீவுக்கும் வேலணைக்கும் இடையில் கடல் ஆழமில்லாதது. அதற்குள் கம்புகளை வரிசையாக ஊன்றி வலையைக் கட்டிக்கொண்டு போவோம். நீளமான அந்த வேலிக்குச் சிறகு என்று பெயர். தண்ணீர் வற்றும்போது மீன் ஆழம் தேடித் திரும்பும். சிறகு குறுக்கே நிற்கும். மீன் முட்டிப் பார்க்காது, ஓரமாகவே போகும். போகப் போகச் சிறகு அதைப் பட்டிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். பட்டி என்பது வலையால் வளைத்த வட்ட அறை. உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது.

சில நாட்களில் மீன் சிறகுப் பக்கம் வந்து, உள்ளே போக மனமில்லாமல் மேய்ந்துகொண்டு நிற்கும். அப்போதுதான் கலைப்பு. நாலைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் வரிசை பிடித்து, தடியால் தண்ணீரை அடித்துக் கத்திக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் கத்துவதற்கு முயற்சி செய்தார்கள். எனக்கு முயற்சி தேவைப்படவில்லை. தண்ணீருக்குள் காலில் எது பட்டாலும் என் வாய் தானாகத் திறக்கும். பாசி பட்டாலும் கத்துவேன், பக்கத்தில் வருபவனுடைய கால் பட்டாலும் கத்துவேன். மீனுக்குப் போலிக் கூச்சலுக்கும் உண்மைக் கூச்சலுக்கும் வித்தியாசம் தெரியும் என்று சம்மாட்டியார் நம்பினார்.

திருக்கைக்காக நடக்கிற நடை ஒன்று உண்டு. காலைத் தூக்கி வைக்கக் கூடாது. சேற்றோடு இழுத்து இழுத்துப் போக வேண்டும். மண்ணுக்குள் படுத்திருக்கும் திருக்கையின் ஓரத்தில் கால் பட்டால் அது எழும்பிப் போய்விடும். மேலே மிதித்தால் முள்ளை ஏற்றிவிடும். நான் இந்த நடையை அவ்வளவு பக்தியோடு பழகினேன். கோயிலில் நற்கருணை வாங்கப் போகும்போதும் காலை இழுத்துத்தான் போவேன். றோசம்மா, அதுதான் என் மனைவி, பின்னால் நின்று இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுப்பாள்.

"இஞ்சருங்கோ, இது கோயில். இஞ்சை திருக்கை இல்லை."

பட்டிக்கு வெளியே எவ்வளவு கத்தினாலும் சரி. உள்ளே போனால் மூச்சுச் சத்தமும் கூடாது. காரணம் கொடுவா மீன். மாரி மழைத் தண்ணீர் கடலில் கலக்கிற காலத்தில் கொடுவா வரும். பெரியது ஒரு பிள்ளையின் கனம் இருக்கும். பட்டிக்குள் அது யோசனை செய்கிற ஆள் மாதிரி அசையாமல் நிற்கும். ஒரு சத்தம் கேட்டால் போதும், உடம்பை வில்லாக வளைத்து எழும்பி, வலைக்கு மேலாகப் பாய்ந்துவிடும். ஒன்று பாய்ந்தால் மற்றவையும் பாயும். குறுக்கே கையை வைத்தால் அதன் செவுள் மூடி சவரக்கத்தி மாதிரி அறுக்கும். ஆகவே பட்டிக்குள் அத்தாங்கை, அதாவது நீண்ட பிடி போட்ட கைவலையை, அடியால் கொண்டுபோய், அது அறியாமல் ஏந்த வேண்டும். அந்த நேரத்தில் என்னை வள்ளத்தில் இருத்திவிடுவார்கள். நான் மீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலணைப் பனைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சம்மாட்டியார் பிறவியிலேயே பட்டிக்குள் நிற்கிற மனிதர். கரையிலும் வீட்டிலும் அவர் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை. எல்லோரையும் "நீர்" என்றுதான் சொல்லுவார். அவருடைய நாயும் "நீர்"தான். தண்ணீருக்குள் இறங்கினால் அந்தப் பேச்சும் நின்றுவிடும். ஓலைத் தொப்பியைக் கழற்றினால் கலைப்புத் தொடங்கலாம். திரும்பப் போட்டால் நிறுத்த வேண்டும். வாயில் எப்போதும் ஒரு சுருட்டு, பெரும்பாலும் பற்ற வைக்காதது. அது இடக் கடைவாயில் இருந்தால் மீன்பாடு சரியில்லை, யாரும் பகிடி விடக் கூடாது. நாக்கால் தள்ளி வலக் கடைவாய்க்குக் கொண்டுபோனால் இன்று நல்ல பாடு, மனிதர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அந்தச் சுருட்டைப் பார்த்துத்தான் எங்கள் வீடுகளில் அன்றன்றைய முகம் அமைந்தது.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் காலத்தில் தண்ணீர் வற்றி, மண் பறந்து, கண் திறக்க ஏலாது. அப்போது கிழிந்த வலை பொத்துவோம், கம்பு மாற்றுவோம். ஒரு தரம் எல்லோருமாக வேலணைப் பற்றைக் காட்டுக்கு முயல் வேட்டைக்குப் போனோம். அங்கேயும் எனக்குக் கத்துகிற வேலைதான். பற்றையைச் சுற்றிக் கத்த வேண்டும், முயல் மறுபக்கத்தால் வலைக்குள் ஓடும். முயலுக்கு இந்த ஒழுங்கு தெரியவில்லை. அது நேரே என்னிடம் ஓடி வந்தது. நான் வடலிப் பனை ஒன்றில் ஏறிவிட்டேன். மட்டைக் கருக்கு என் தொடையில் எழுதிய எழுத்து இன்றும் இருக்கிறது. எங்கள் குழுவில் சூசை என்று ஒருவன், நான் எது செய்தாலும் அதை ஊருக்குச் சொல்லுவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டவன். அவன் முயல் என்னைத் துரத்தியது என்று சொல்லித் திரிந்தான். முயல் கும்பிட்டு வழி கேட்டது என்று நான் சொல்லித் திரிந்தேன். றோசம்மா இரண்டையும் கேட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு முதலில் சத்தமில்லாமல் தோளில் தொடங்கும், பிறகுதான் வாய்க்கு வரும். அந்தத் தோள் குலுங்குவதைப் பார்ப்பதற்காகவே நான் பாதிப் பொய்களைச் சொன்னேன்.

இனி அந்த வாடைக்காலம்.

கலியாணமாகிப் பல வருசம் கழித்து, நாங்கள் கடவுளிடம் கேட்பதை விட்ட பிறகு, எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை சின்னன். என் பிள்ளை என்று சொல்ல முடியாதபடி அதற்கு அழுகிற சத்தமே வரவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். றோசம்மாவுக்குப் பால் வரவில்லை. பிள்ளை சப்பிப் பார்க்கும், முனகும், களைத்து உறங்கும். பால்மா கரைத்துக் கொடுத்தால் சத்தி எடுக்கும். நாளுக்கு நாள் அதன் முகம் சுருங்கியது. றோசம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

"எத்தினை வருசம் கேட்டு வாங்கின பிள்ளை," என்றாள். "ஒரு வாய் பால் குடுக்க என்னாலை ஏலாமல் கிடக்கு."

நான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தேன். முயல் கதையைப் புதிதாகச் சொன்னேன். தோள் அசையவில்லை.

மாமி குசினிக்குள் இருந்து வந்தா. "மருமோன், பகிடி காணும். சரக்கெல்லாம் அரைச்சு வைச்சிருக்கிறன். பால்சுறா ஒண்டு கொண்டாரும். இல்லாட்டிக் குறுக்கையும் மறுக்கையும் நடவாமல் ஒரு மூலையிலை இரும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாவை மல்லி, மிளகு, உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறியாக வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். பால்சுறா என்றால் முழங்கை நீளக் குட்டிச் சுறா. மற்ற மாதங்களில் கேட்பாரில்லாமல் கிடக்கும். அந்த வாடைக் காற்றில் ஒரு வள்ளமும் வெளிக்கடலுக்குப் போகவில்லை, எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பஸ் ஏறி யாழ்ப்பாணத்துச் சின்னக்கடைச் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன். நண்டும் கருவாடும்தான் இருந்தன. நண்டைப் பார்த்ததும் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன், அது பழைய பகை.

வெறுங்கையோடு வந்து கரையில் குந்தியிருந்தேன். சம்மாட்டியார் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொல்லவில்லை, சூசை முதலே சொல்லியிருந்தான். சுருட்டு இடக் கடைவாயில் இருந்தது. அன்று அவர் ஒரு வருசத்துப் பேச்சைப் பேசினார்.

"வாடை கடுத்தால் குட்டிச் சுறா ஒதுக்கம் தேடி உள்ளுக்கு வரும். எங்கடை வெளிக் களங்கண்ணியிலை சிலவேளை ஏறும். விடியப் போய்ப் பாப்பம். நீரும் வாரும்."

"நானோ? நான் வந்தால்..."

"உம்மடை பிள்ளைக்குத்தானே. நீர் ஏந்தித்தான் கொண்டுபோக வேணும்." பிறகு சுருட்டை எடுத்து என் வாயைக் காட்டினார். "ஆனால் இதை வீட்டிலை வைச்சிட்டு வாரும்."

விடியக் காலை, தூறல். சூசை தாங்குகோலால் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சிறகு ஓரம் நிறுத்தினான். நான் தோளில் கிடந்த நீளத் துவாயின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். சூசை பார்த்துவிட்டு, "சம்மாட்டியார், மூக்கையும் அடைப்பமோ?" என்றான். சம்மாட்டியார் திரும்பிப் பார்த்த பார்வையில் அவனும் வாயை மூடினான்.

பட்டிக்குள் பார்த்தோம். ஒரு பெரிய கொடுவா யோசித்துக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால், வலை ஓரமாகச் சுற்றிச் சுற்றி, முழங்கை நீளத்தில் ஒரு சாம்பல் நிழல். பால்சுறா. ஒன்றே ஒன்று.

சம்மாட்டியார் தண்ணீருக்குள் இறங்கியபோது ஒரு வளையம்கூட எழும்பவில்லை. நான் இறங்கியது பற்றிச் சொல்ல வேண்டாம். என்னை வாசலடிக் கம்பு ஓரம் நிறுத்தி, அத்தாங்கின் வாயைத் தண்ணீருக்குள் விரித்துப் பிடிக்கக் காட்டினார். தான் எதிர்ப் பக்கத்தால் வருவதாகவும், சுறா தனக்கு முன்னால் மெதுவாக நகர்ந்து என்னிடம் வரும் என்றும் கையால் சொன்னார். அவர் வரும் பக்கத்து வலை பழையது, இழை விட்டிருந்தது. சுறா வெருண்டு அதில் மோதினால் கிழித்துக்கொண்டு போய்விடும். என்னுடைய வேலை ஒன்றே ஒன்று. நிற்க வேண்டும், சும்மா.

அவர் ஒரு அடி வைப்பார், நிற்பார். சுறா கொஞ்சம் நகரும். அவர் நிற்பார். வயலில் வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவது போல அந்தச் சுறாவை அவர் திருப்பிக்கொண்டு வந்தார். நான் துவாயைக் கடித்துக்கொண்டு றோசம்மாவின் முதுகை நினைத்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முதுகை. சுறா பாதி வழி வந்துவிட்டது.

அப்போது என் காலை ஏதோ தொட்டது.

நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் முதல் தரம். புனித அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். அது வழுவழுவென்று கெண்டைக்காலைச் சுற்றியது. மெழுகுதிரியை ஆள் உயரமாக்கினேன். அது முழங்காலுக்கு ஏறியது.

அந்தோனியார் மெழுகுதிரியை மறுத்துவிட்டார். துவாய் வாயிலிருந்து தெறித்தது. நான் கத்தினேன். நண்டு, பாசி, முயல் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டே கம்பில் ஏறினேன். ஏறிய பிறகுதான் பார்த்தேன், என் காலைச் சுற்றியிருந்தது துவாயின் மறு நுனி. வாயை அடைத்த துவாய்தான் தண்ணீருக்குள் தொங்கி, காலைப் பிடித்திருக்கிறது.

கொடுவா எழும்பி வலைக்கு மேலால் போனது. சுறா அம்பாகத் திரும்பி, சம்மாட்டியாரின் பக்கத்தால், அந்தப் பழைய வலையை நோக்கிப் பாய்ந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"டேய் விசரா! இறங்கடா கீழை!"

கம்பு அதிர்ந்தது. சுறாவும் அதிர்ந்திருக்க வேண்டும். முன்னால் அப்படியொரு சத்தம் வெடித்ததும் அது வந்த வழியே திரும்பி, என் கம்படிக்குப் பறந்து வந்தது. அத்தாங்கின் பிடி என் சாரத்து மடிப்பில் சிக்கி, வாய் மட்டும் தண்ணீருக்குள் திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ பலமாக இழுத்தது. சாரம் போகிறதே என்று நான் இன்னொரு தரம் கத்தி, பிடியை இரண்டு கையாலும் பற்றித் தூக்கினேன். உள்ளே பால்சுறா.

சம்மாட்டியார் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். சுருட்டு இல்லை, தண்ணீரில் மிதந்தது.

"நானோ கத்தினது?"

"ஓம் சம்மாட்டியார்."

"சூசைக்குக் கேட்டிருக்குமோ?"

வள்ளத்திலிருந்து பதில் வந்தது. "நயினாதீவுக்கே கேட்டிருக்கும்!"

சுறாவைச் சம்மாட்டியாரே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாமி வாங்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினா. பிள்ளை பெற்ற வீடு என்று அவர் உள்ளே வரவில்லை, யன்னலுக்கு வெளியே முற்றத்தில் நின்றார். றோசம்மா முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"இவர் கத்தினவரோ?"

"கத்தினவரோ எண்டு கேக்கிறியள் அக்கா!" சூசைக்கு அது போதும். துவாய், வழியில் நான் சொன்ன மெழுகுதிரி, கம்பு, சாரம் எல்லாவற்றையும் கையும் காலுமாய் நடித்துக் காட்டினான். நான் நேராத மெழுகுதிரிகளையும் சேர்த்தான். றோசம்மா அசையவில்லை. "பிறகு எங்கடை சம்மாட்டியார் விட்டாரே ஒரு சத்தம், தூசணத்திலை..."

"அப்பிடியில்லைப் பிள்ளை," என்று சம்மாட்டியார் குறுக்கிட்டார். கெட்ட வார்த்தை பேசினார் என்பது அவருக்கு மானப் பிரச்சினை. "தூசணம் ஒண்டும் நான் சொல்லேல்லை. நான் சொன்னது இவ்வளவுதான்."

தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். செபமாலை சொல்லுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக, மரியாதையோடு சொன்னார்.

"டேய் விசரா. இறங்கடா கீழை."

நான் றோசம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசைந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது. பிறகு வாய்க்கு வந்தது. யன்னல் பக்கம் திரும்பி, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, இன்னொருக்கால் சொல்லுங்கோ சம்மாட்டியார்!"

அவர் இன்னொருக்கால் சொன்னார். இன்னும் மெதுவாக.

"சிரியாதையடி, வயிறு நோகும்," என்று கத்திக்கொண்டு மாமி கையில் கத்தியோடு வந்தா. றோசம்மாவின் சிரிப்பு நடுவில் நின்றது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "பிள்ளையைத் தாங்கோ."

மாமி எங்கள் எல்லோரையும் யன்னலடியிலிருந்து துரத்தினா. சம்மாட்டியார் எனக்கு முன்பே வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உள்ளே நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பிள்ளை விழுங்குகிற சத்தம் யன்னலால் வந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

சுறா அப்போது குசினிப் பலகையில் பாதி வெட்டியபடி கிடந்தது. ஆனாலும் பால் வந்தது சரக்கு வாசத்தால்தான் என்று மாமி இன்றுவரை சாதிக்கிறா. தான் கதை சொன்ன விதத்தால் என்று சூசை சொல்லுவான். மத்தியானம் றோசம்மா அந்தக் கறியோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள், நான் வழக்கில் தலையிடவில்லை.

மறுநாள் விடிய நாங்கள் எல்லோரும் உள் களங்கண்ணிப் பட்டிக்குள் நின்றோம். வாடைக்கு ஒதுங்கிய கொடுவா ஒரு கூட்டமாக ஏறியிருந்தது. அந்த வருசத்தில் அவ்வளவு கொடுவாவை நாங்கள் பார்க்கவில்லை. ஆள் குறைவு என்று என்னையும் இறக்கியிருந்தார்கள். காலை இழுத்து, மூச்சை அடக்கி, அத்தாங்குகளை அடியால் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். எதிர்ப் பக்கத்தில் சம்மாட்டியார், அவ்வளவு கொடுவா நின்றும் இடக் கடைவாயில்தான் புதுச் சுருட்டு. அவர் என்னைப் பார்த்தார். அத்தாங்கைக் கம்பில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையைத் தாலாட்டுவது போல ஆட்டினார். புருவத்தை உயர்த்தினார்.

தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"ஓம் சம்மாட்டியார்!" என்றேன். "வயிறு நிறையக் குடிச்சது! இப்ப என்னை மாதிரியே கத்துது!"

முதலாவது கொடுவா சூசையின் தலைக்கு மேலால் போனது. பிறகு இரண்டு. பிறகு எல்லாமே, ஒன்றன்பின் ஒன்றாக, விடியல் வெளிச்சத்தில் வளைந்து வளைந்து வலையைத் தாண்டின. சூசை தலையில் கையை வைத்துக்கொண்டான். எல்லோரும் சம்மாட்டியாரைத்தான் பார்த்தோம்.

அவர் கடைசிக் கொடுவா தண்ணீரில் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வளையம் பெரிதாகி, சிறகில் பட்டு அடங்கியது. பிறகு வெறும் பட்டிக்குள் நின்றபடி, சுருட்டை நாக்கால் மெதுவாகத் தள்ளி, வலக் கடைவாய்க்குக் கொண்டுபோனார்.